ஒற்றைக் காலில் நின்ற ஃபஸ் பெட்டி

இந்தக் காலத்து ஆட்களுக்கு நன்றாக இருப்பதைக் கெடுக்கவும் ஒரு பெட்டி வேண்டியிருக்கிறது. நாற்பது வருஷமாகப் பெரியவரின் பேட்டரிக் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும், "பெரியவரே, சார்ஜர் இரையுது, நிறுத்திக் கொடுங்க" என்றுதான் கேட்டார்கள். இரைச்சலைக் கூட்டிக் கொடு என்று கேட்ட கிறுக்கன் ஒருவனைக்கூட அவர் பார்த்ததில்லை. இப்போது அப்படிக் கேட்கிற கூட்டத்துக்குப் பெட்டி செய்வது யார் என்றால், அவருடைய மருமகளேதான். அதுவும் கடைக்கு நேர் மேலே, மாடி அறையில்.

ஃபஸ் பெடலாம். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் வைத்துக் காலால் அழுத்துவதாம். அழுத்தினால் ஒலி கிழியுமாம். கிழிந்த ஒலியோடு அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலேயும் கேட்குமாம். ரெண்டு நாளாகக் கிழிந்ததுதான் மிச்சம், மேலே ஒன்றையும் காணோம்.

மூன்றாம் நாள் மத்தியானம் பொறுக்க மாட்டாமல் மாடியேறினார்.

"ஏம்மா, மேல தகரம் அறுக்கிறீங்களான்னு ரெண்டு பேர் கேட்டுட்டுப் போறாங்க."

"தகரம் அறுத்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும் மாமா." சோறு இறங்காத முகம். "நாலு மணிக்கு, பெட்டி கேட்டிருந்த அந்தக் கிட்டார்க்காரத் தாடிக்காரர் வர்றாரு. பிடிச்சா நாளைக்கு ரெக்கார்டிங்குக்கு இதைத்தான் எடுத்துட்டுப் போவாரு. மேல் ஸ்தாயி வரலைன்னா வேற ஒருத்தர் செஞ்ச பெட்டிக்குப் போயிடுவாரு. டிரான்சிஸ்டரை மூணு தடவை மாத்திட்டேன்."

"வாசி பார்ப்போம்."

அவள் கிட்டாரின் டோன் திருகைக் குறைத்து, மெல்லிய கம்பியைக் கழுத்துப் பலகையின் மேல்பாதியில் அழுத்தி மீட்டினாள். மேல் ஸ்தாயி துலக்கமாக வரவேண்டிய இடம் அதுதானாம். வந்ததோ கம்பளிக்குள் மாட்டிய வண்டின் உறுமல். தடித்த கம்பியில் டிராக்டர். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த மெல்லிசுக் கம்பியை இன்னொரு தடவை."

இந்த உறுமல் அவருக்குப் பழக்கம். சார்ஜருக்குள் இரண்டு டையோடு, மின்சாரத்தை ஆளுக்குப் பாதியாக மாற்றி மாற்றித் தள்ளும். ஒன்று படுத்துவிட்டால் சார்ஜரின் குரல் தடித்துக் கீழே இறங்கிவிடும். மூடியைக் கழற்றாமல், தெருவில் நின்றே சொல்லிவிடுவார்.

"உள்ள டையோடு ரெண்டா?"

"ஆமா மாமா."

"ஒண்ணு செத்துப்போச்சு. உன் பெட்டி ஒத்தைக் கால்ல நிக்குது."

"புதுசு மாமா அது!"

"புதுசுன்னா சாகாதா?"

மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஒன்றில் முள் அசையவே இல்லை. கண்ணாடி உடம்பில், கால் முளைக்கும் இடத்தில், மயிரிழையாக ஒரு விரிசல்.

"வயித்து வலிக்குத் தலையில தைலம் தேச்சிருக்கே மூணு தடவை" என்றார்.

கைக்கு வந்த டையோடை எடுத்தாள். "கண்டதையும் போடாதே. ரெண்டும் ஒரே அளவா இழுக்கணும்" என்று அதட்டினார். டப்பாவில் இருந்ததையெல்லாம் அளந்ததில் ஏழாவது ஜோடி சேர்ந்தது. சூடு ஏறாமல் இடுக்கியால் காலைப் பிடித்து, ஒரே தொடுதலில் ஈயம் வைத்தாள். பெரியவர் குனிந்து பார்த்தார். கடுகு மாதிரி உருண்டையாக, பளபளவென்று இருந்தது. குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று இன்னொரு தடவையும் பார்த்தார். அகப்படவில்லை.

மீட்டினாள். உறுமலுக்குள்ளிருந்து மெல்லிய குரல் ஒன்று எழும்பியது, பாடுகிறவன் தோளில் குழந்தை ஏறி உட்கார்ந்து கூடவே பாடுகிற மாதிரி. கிட்டாரின் ஒலியைக் குறைத்தாள்; கிழிசல் ஒதுங்கி மணிச்சத்தம் மட்டும் மிஞ்சியது. இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டினாள். யாரும் தொடாத மூன்றாவது சுரம் ஒன்று அடியில் முனகியது. மாமனார் நிற்பதையே மறந்து, கம்பி கம்பியாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு வந்த தாடிக்காரன் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்தான். எழுந்தவன் நேரே பெரியவரிடம் வந்தான்.

"அனுபவஸ்தர் கை சும்மாவா! மருமகளுக்குப் பிரமாதமா செஞ்சு கொடுத்திருக்கீங்க."

மருமகளின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் வாயைத் திறக்குமுன் பெரியவர் திறந்துவிட்டார்.

"யார் சொன்னது உனக்கு? இதுல ஒரு பொட்டு ஈயம் நான் வெச்சதில்லை. சுருள் சுத்தினது, துளை போட்டது, விரலைச் சுட்டுக்கிட்டது எல்லாம் இவ. இந்தப் பெட்டி எதுக்குன்னே எனக்குத் தெரியாது. செஞ்சவகிட்டப் பேசு."

"மாமா, டையோடை நீங்கதானே..."

"நீ சும்மா இரு."

தாடிக்காரன் அவள் பக்கம் திரும்பினான். "தப்புத்தான்மா. நாளைக்கு ரெக்கார்டிங் இதுலதான். இதே மாதிரி இன்னொண்ணு செய்வீங்களா?"

"செய்வேன்" என்று எழுந்து நின்றாள். கூன் போட்டே உட்கார்ந்திருந்த பெண் இவ்வளவு உயரமா என்று இருந்தது பெரியவருக்கு. அவருக்கே சட்டை நெஞ்சில் கொஞ்சம் இறுகியது.

"நின்னு கேட்டுட்டுப் போங்க" என்று தாடிக்காரன் பெடலை மிதித்தான். ஒரு சுரம் எழும்பி, பிளந்து, அடங்கும்வரை பெரியவர் நின்றார்.

"வேலை சுத்தம். சத்தம்தான் சகிக்கலை."

சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இதை உட்கார்ந்து கேட்க எவன் வருவான் என்று முணுமுணுத்துக்கொண்டே கடைக்குள் போனார்.