கோழிக்காரியின் வயிறு

தம்பி மனைவி கோழிக்காரியின் வீட்டில் பச்சைத் தண்ணீரால்கூட வாய் நனைத்ததில்லை. எப்போதாவது வந்தால் வாசலோடு நின்று பேசுவாள். போகும்போது செருப்பைத் தரையில் நன்றாகத் தட்டிவிட்டுப் போவாள். கோழிக்காரிக்கு அது பழகிப்போயிருந்தது. வீட்டின் பின்னால் கோழிக்கூண்டு, அதை ஒட்டிக் காய்கறிப் பாத்தி. நகக்கண்ணில் எந்நேரமும் மண். முட்டை விற்றுப் பிழைக்கிறவள் வீடு மருந்துக்கடை மாதிரியா மணக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். ஆனாலும் ஒவ்வொரு முறையும் தம்ளரைத் தேய்த்துக் கழுவித் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். "இருக்கட்டும் அண்ணி, இப்பத்தான் குடிச்சேன்" என்பாள் தம்பி மனைவி. தம்ளர் வந்த வழியே உள்ளே போகும்.

அப்படிப்பட்டவளின் வயிற்றைத் தேடி ஓர் ஆராய்ச்சி நிலையமே வந்து நின்றதைக் கடவுளின் வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

தம்பிக்குப் போன வருடம் ஓர் அறுவை சிகிச்சை. புண் ஆறுவதற்காகக் கொடுத்த ஆன்டிபயாடிக் மாத்திரைகள், கெட்ட கிருமிகளோடு சேர்த்துக் குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் துடைத்துவிட்டன. அன்று பிடித்த வயிற்றுப்போக்கு, நின்றதுபோல் நிற்கும், மறுபடி வந்து ஆளைப் படுக்கையில் தள்ளும். இடுப்பில் வேட்டி நிற்காத அளவுக்கு இளைத்துவிட்டான். ஆராய்ச்சி நிலையத்தில் இப்படிப்பட்ட நோயாளிகளிடமும் அவர்களுடைய உறவினர்களிடமும் மலம், எச்சில், தோல் என்று எல்லாவற்றிலும் மாதிரி சேகரித்தார்கள். உறவில் நல்ல வயிறு உள்ளவரிடமிருந்து கிருமிகளைப் பிரித்தெடுத்து, நோயாளியின் குடலில் குடியேற்றிப் பார்ப்பது அவர்கள் செய்துவந்த சோதனை.

மாதிரி வாங்க வருகிறவன் ஒரு நீலப் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டு வருவான். குச்சி ஐஸ் விற்கிறவன் என்று நினைத்துத் தெருப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். அதனால் எல்லோருக்கும் அவன் ஐஸ்பெட்டி. முதல் டப்பாவைக் கொடுத்தபோது கோழிக்காரியை வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரார் கழிவை ஐஸில் வைத்துச் சுமக்கிறாயே, இது என்னப்பா பிழைப்பு என்றாள்.

"கோழிகிட்ட நீங்க முட்டைய மட்டும் எடுத்துக்கறீங்க அக்கா. நாங்க மத்ததுக்கும் மரியாதை குடுக்கறவங்க" என்றான் அவன்.

தம்பியின் மகன், சித்தப்பா வீட்டு ஆட்கள் என்று யாருடைய மாதிரியும் தேறவில்லை. வேளைக்கு வேளை கிருமிநாசினி போட்டுத் தரை துடைக்கும் தம்பி மனைவியின் வயிறு எல்லோருடையதையும் விடக் காலியாக இருந்தது. தேறியது கோழிக்காரியின் வயிறு ஒன்றுதான். மண்ணோடும் கோழியோடும் பழகின வயிறு, உள்ளே ஓர் ஊரே குடியிருக்கிறது என்றான் ஐஸ்பெட்டி. கூட நின்ற தம்பி மனைவியின் முகம் சுண்டிப்போனது. மாதக் கடைசியோடு சோதனைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள்; அதற்குள் இன்னொரு மாதிரி கொடுத்தால் போதும், தம்பிக்கு இடம் உறுதி. அதுவரை ஆஸ்பத்திரியில் சொல்லாமல் தலைவலி மாத்திரைகூடப் போடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னான்.

அடுத்த வாரம் தம்பி மனைவி தனியாக வந்தாள். கையில் ஒரு பை. உள்ளே பழங்கள், பழங்களுக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை.

"ஆஸ்பத்திரியில குடுத்ததுதான் அண்ணி. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வயித்தைச் சுத்தமாக்கிடும். அவர் வயித்துக்குள்ள போறது இல்லையா, சுத்தமா இருக்கட்டுமே."

கோழிக்காரி மாத்திரையைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையில் பட்ட அந்தக் கையைத்தான் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கென்று அந்தக் கை எதையும் நீட்டியதில்லை. மண் ஒட்டிய விரல்களை அவசரமாகச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கொடுத்த மனம் குளிரட்டும் என்று ஒரு வேளை தவறாமல் விழுங்கினாள். கடைசி நாட்களில் வயிறு இளகிப் போனது. சுத்தமாகிறது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

மாதிரி கொடுக்கும் நாளில் எல்லோரும் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். சின்ன அறை. ஒரு மூலையில் உறைபெட்டி உறுமிக்கொண்டிருந்தது. தம்பி சக்கர நாற்காலியில் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் அன்று கொஞ்சம் களை இருந்தது. அக்காவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான்.

ஐஸ்பெட்டி வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான். நடுவில் ஏதாவது மாத்திரை போட்டீர்களா?

"போட்டேனே" என்று பெருமையோடு பையிலிருந்து காலி அட்டையை எடுத்து நீட்டினாள், சொன்னபடி கேட்ட பிள்ளை மாதிரி.

அவன் படித்தான். டப்பாவுக்காக நீட்டியிருந்த இன்னொரு கை தானாகக் கீழே இறங்கியது. இது ஆன்டிபயாடிக் என்றான். தம்பியின் குடலைத் துடைத்த அதே மருந்து. உள்ளே இருந்த ஊர் காலியாகியிருக்கும். திரும்பக் குடியேற மூன்று மாதமாவது வேண்டும். அதற்குள் சோதனையின் கதவு சாத்தப்பட்டுவிடும்.

"யார் குடுத்தாங்க அக்கா இதை?"

கோழிக்காரி நிமிர்ந்தாள். தம்பி மனைவி சுவரோரம் நின்று, சுத்தமான கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேய்ப்பது நிற்கவில்லை. அந்தக் கைதான் தம்பிக்குக் கஞ்சி ஊட்டுகிறது, துணி மாற்றுகிறது. அந்தக் கையின்மேல் சந்தேகம் வந்துவிட்டால் அவன் வேறு யார் கையால் சாப்பிடுவான்?

"நானேதாம்ப்பா கடையில வாங்கிப் போட்டேன். சுத்தமா இருக்கட்டுமேன்னு."

ஐஸ்பெட்டி அட்டையைத் திருப்பினான். பின்பக்கம் ஆஸ்பத்திரி முத்திரை, விற்பனைக்கு அல்ல என்ற எழுத்து. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யாரிடமும் காட்டாமல் நாலாக மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்த அறையில் அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

தம்பி கத்தவில்லை. "உனக்கு நான் என்னக்கா கெடுதல் பண்ணேன்?" என்றான். சின்ன வயதில் பொம்மையைப் பிடுங்கினால் கேட்கிற அதே குரல். போகும்போது அவள் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் அவள் கொடுத்தனுப்பிய முட்டைகள் திரும்பி வந்தன. அந்த வீட்டுப் பொருள் எதுவும் இனி உள்ளே வரக்கூடாதாம்.

மாதம் முடிந்தது. அடுத்த சோதனை எப்போது என்று ஐஸ்பெட்டிக்கே தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் அக்கா என்றான். சொல்லும்போது பெட்டியின் வாரைத்தான் பார்த்தான்.

ஒரு மத்தியானம் தம்பி மனைவி வந்தாள். வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். கோழிக்காரி வழக்கம்போலத் தம்ளரை எடுத்தாள். தேய்க்கப் போனவளிடமிருந்து அதை அப்படியே வாங்கி, பானையில் மொண்டு, மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"அவர்கிட்ட சொல்லிடட்டுமா அண்ணி? ராத்திரியெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வருது."

"வேண்டாம். சாப்பிடறானா?"

"நான் ஊட்டினா ரெண்டு வாய்."

"அப்ப வாயைத் திறக்காதே."

அவள் தலையைக் குனிந்துகொண்டு, சொல்ல வெட்கப்பட்டுச் சொன்னாள்: "அவருக்கு முட்டை ஒத்துக்குது. கடை முட்டை வேண்டாம், உங்களதையே குடுங்க. கடையில வாங்கினேன்னு சொல்லிக்கறேன்."

கோழிக்காரி கூண்டிலிருந்து முட்டைகளைக் கூடையில் பொறுக்கி வந்தாள். எல்லாவற்றிலும் எச்சமும் வைக்கோலும் ஒட்டியிருந்தன. இப்படியே போனால் எந்த வீட்டு முட்டை என்று தம்பி ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். ஈரத்துணியை இரண்டாகக் கிழித்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கடை முட்டை மாதிரி வெளுக்கும்வரை, ஒவ்வொன்றாகத் துடைத்தார்கள்.