ஒரே மண்டபம், இரண்டு கைது

1

வாய் திறந்து கேட்கும் உரிமை, திண்டிவனத்தில் இப்போதைய விலை: மாடியில் உட்கார்ந்தால் ஒரு தட்டு பிரிஞ்சி, கீழே உட்கார்ந்தால் ஒரு வழக்கு.

விலை சொன்னவர் மாரியப்பன், கல்யாண மண்டப மேனேஜர். நான் மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், வளர்ந்தவன். விலை என்றதும் காது நிமிர்ந்துகொண்டது. கதை பிறந்தது அப்படித்தான். மனசாட்சி உறுத்தியதால் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

2

முதல் தொடக்கம்: ‘வெயில் கொளுத்திய அந்தக் காலையில், முறுக்கு மீசை இன்ஸ்பெக்டர் தீனதயாளன் தன் லத்தியை...’

வேண்டாம். அவருக்கு மீசையே இல்லையாம். [வில்லன் தேவைப்பட்டதால் நான் ஒட்டியது.]

நேராகவே சொல்கிறேன். முகூர்த்த நாள். கைதானவர்களைச் சாயங்காலம் வரை உட்காரவைக்க, ஊரில் காலியாக இருந்தது ஒரே மண்டபம். காலையிலிருந்து சாலையை மறித்த பெரிய கட்சிக்காரர்களை, பஸ்களை வேறு வழியில் திருப்பிவிட்டு, மோரும் கொடுத்து, “வாங்கண்ணே, போலாம்” என்று போலீஸ் அழைத்துவந்தது. இறால் பண்ணைக் கழிவால் குடிதண்ணீர் உப்பாகிவிட்டது என்று சொல்ல மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த பெண்களை, அவர்கள் சாலையில் உட்காருவதற்குள் வேனில் ஏற்றியது.

மாடி கட்சிக்கு. பைக் நிறுத்தும் இடம் பெண்களுக்கு.

3

கீழே இருந்த பெண்களில் ஒருவரான தேவயானி மீன் விற்பவர். அவரை எழுதத்தான் பயம். நான் அழவைத்துவிடுவேன், அவரோ அழுகிற... [விடுங்கள்.] மகள் குவைத்தில் நிறைமாதம். பிரசவத்துக்குப் போக பாஸ்போர்ட் கேட்டிருக்கிறார். அதற்கான போலீஸ் விசாரணை அடுத்த வாரம். இன்று வழக்கில் பெயர் ஏறினால் பயணம் அவ்வளவுதான்.

தீனதயாளன் காகிதத்தோடு வந்தார்.

“ஏம்மா, பேரச் சொல்லு.”

“மாடியில இருக்கறவங்க பேரெல்லாம் எழுதிட்டீங்களா சார்?”

“அவங்கள சாயங்காலம் வுட்டுடுவோம். அது வேற.”

“இன்னா வேற? அவங்க ரோட்டுல உக்காந்துக்கினே இருந்தாங்க. நாங்க உக்காரவே இல்ல, அள்ளிக்கினு வந்துட்டீங்க.”

“பேஜாரு பண்ணாதம்மா. மேலதிகாரிங்க கேஸு போடச் சொல்றாங்க.”

“போடுங்க. அவங்க பேரயும் சேத்துப் போடுங்க. இல்லியா, ரெண்டு பேரயும் வுட்டுடுங்க. ஒரே மீனுக்கு ஆளுக்கொரு வெல சொன்னா, எங்க சந்தையில கூடையக் கவுத்துடுவாங்க சார்.”

காவலுக்கு நின்ற போலீஸ்காரி கவிதா சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் முறைத்தும் சிரிப்பு நிற்கவில்லை.

4

முடிவு ஒன்று: இன்ஸ்பெக்டர் கண்கலங்கி மனம் மாறுகிறார். [மண்டியில் இந்தச் சரக்கை யாரும் வாங்கமாட்டார்கள்.]

முடிவு இரண்டு: வழக்கு பதிவாகிறது. [நடக்கக்கூடியது. அதனாலேயே எழுதக் கை வரவில்லை.]

மாரியப்பன் பார்த்தது இது: கைகழுவ இறங்கிவந்த கட்சி மகளிரணிப் புனிதா படியிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

“சார், அந்த அக்கா பேர எழுதினா என் பேரயும் எழுதிக்குங்க.”

“பிரிஞ்சி துன்னுட்டுப் பேசற பேச்சா இது?” என்றது மாடியிலிருந்து ஒரு குரல்.

“துன்ன தெம்புலதான்யா பேசறேன்.”

அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள் பேர் கொடுக்க இறங்கினார்கள். [இதை நான் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். நானும் நம்பாமல் மாரியப்பனிடம் இரண்டு தடவை கேட்டேன்.]

தீனதயாளன் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, போனோடு வாசலுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து மாரியப்பன் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கக் கிளம்பிவிட்டார். திரும்பியபோது மண்டபம் காலி.

தீனதயாளன் போனில் என்ன பேசினார் என்பதை நீங்கள் எழுதுங்கள். என் கையிலுள்ள கணக்கு இவ்வளவுதான்: மாடியில் கைது நாற்பது. கீழே கைது பதினொன்று. தானாக வந்து கொடுத்த பெயர் ஐந்து. காகிதத்தில் ஏறிய பெயர், மாரியப்பன் கிளம்பும் வரை, ஒன்றுகூட இல்லை.