பேரம் பேசாத மூங்கில்

செய்யாறு கம்பெனி பஸ்ஸிலிருந்து குணசுந்தரி இறங்கியதும் மூங்கில் கடை கந்தசாமி எழுந்து நின்றார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவளுக்காக அவர் எழுந்ததே இல்லை.

"இன்னாண்ணே?"

"ஜல்தி வூட்டுக்குப் போம்மா. தச்சன் அய்யாக்கண்ணு உங்க வூட்டுக்குன்னு பச்ச மூங்கில் வாங்கிகினு போனான். பேரமே பேசல. நானும் யாருக்குன்னு கேக்கல."

சாவுக்கு மூங்கில் வாங்குகிறவன் பேரம் பேச மாட்டான். விற்கிறவன் யாருக்கென்று கேட்க மாட்டான். ஆரணியில் இது எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருத்தி இங்கே நிற்கிறாள்.

ஓடினாள். கணவன் பலராமன் கப்பல் வேலையை விட்டு வந்தவன். பழவேற்காட்டுக் கூட்டாளியோடு சேர்ந்து படகு கட்டுகிறான். படகை அங்கே கூட்டாளி கட்ட, பாய்மரமும் பாயும் இங்கே இவன் பொறுப்பு. தைலமரம் காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும் என்று தள்ளிவிட்டு, அடியிலிருந்து நுனிவரை பட்டுநூல் பிடித்து நேராக இருக்கிறதா என்று பார்த்து ஒரு சவுக்கு மரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தான். காலையில்கூட, "அந்த மரத்தையே கட்டிகினு அழு" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.

நெசவாளர்கள் பாவு விரிக்கும் நீளத் தெருவில் வெள்ளைக் காடாத் துணி கிடந்தது. பக்கத்தில் பச்சை மூங்கில், கயிறு. துணிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அய்யாக்கண்ணு தலை குனிந்து நின்றான்.

அலறிக்கொண்டு மேலே விழுந்தாள்.

"ஐயோ, ஊசி!" என்றது துணி.

கட்டைவிரலில் ரத்தத்தோடு பலராமன் வெளியே வந்தான். ஹாங்காங்கில் அவன் பார்த்த சீனப் படகுப் பாய்க்குக் குறுக்கே மூங்கில் சட்டங்கள் உண்டு. அதே மாதிரி தன் பாயிலும் அவற்றைச் செருகும் உறைகளைத் தைக்க, அடியிலிருந்து ஊசியை மேலே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறான்.

"பேரம் பேச எங்க நேரம் தங்கச்சி? உன் வூட்டுக்காரரு தொரத்திகினே இருந்தாரு" என்றான் அய்யாக்கண்ணு.

கடையைச் சாத்திவிட்டு மாலையோடு வந்த கந்தசாமி வாய் பிளந்தார். "இன்னாப்பா, எழுந்துட்டியா?"

தெரு சிரித்தது. குணசுந்தரி கணவனின் தோளை, கழுத்தை, காதைத் தொட்டுப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தான். பிறகு துணியின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"ஏய், தையல் கீது!"

"அரக்குச் சாயத்துல தோச்சப்புறம் தையி. வெள்ளையா இது எங்கண்ணுல படக் கூடாது."

சுருட்டிய துணியை மார்போடு அணைத்துக்கொண்டு சாயப்பட்டறைப் பக்கம் நடந்தாள். நூல் அறுபடாமல் ஊசியைக் கையில் பிடித்தபடி பலராமனும் பின்னாலேயே போக வேண்டியிருந்தது.