முக்கால் மணி வியாசம்

1

தேனியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. தலைப்பைக் கொடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். போன மாதம் ஒரு பெண், பேனாவை மூடாமலே கேட்டாள்: "அந்தக் காலத்துலயும் இப்பிடி மணி பாத்துத்தான் எழுதுனாகளா சார்?" தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எழுதினார்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அவர்களை உண்டாக்க வேண்டியதாயிற்று.

முதலில் எழுதியது: "இயற்கை எழில் கொஞ்சும் கம்பம் பள்ளத்தாக்கில்"

(இப்படி ஆரம்பிக்கும் தாளை நான் படிக்காமலே திருப்பிக் கொடுப்பது வழக்கம்.)

அடுத்து: "1893ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலை, சூரியன்"

சூரியன் அங்கேயே நிற்கட்டும்.

2

அனுமந்தன்பட்டிக் கோயில் பள்ளிக்கூடத்தில் இன்னாசி வாத்தியார். வயது முப்பத்திரண்டு. அவன் மனைவி வியாகுலமேரி அதே பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். மதுரையில் கன்னியர் மடத்தில் வளர்ந்து, கல்யாணத்துக்கு முன்பே வாத்தியார்ப் பரீட்சை தேறியவள் அவள். இன்னாசி தேறவில்லை. இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் வியாசத்தில் விழுந்தான். கட்டுரைக்கு அப்போது அதுதான் பெயர். தலைப்பு ஒன்று, நேரம் முக்கால் மணி. விஷயம் தெரியாமல் இல்லை. முதல் வரியைத் திருத்தித் திருத்தியே முக்கால் மணியும் போய்விடும்.

இந்தத் தடவையும் விழுந்தால் பள்ளிக்கூடம் வேறு ஆளுக்கு என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார்.

அந்தத் தை மாதம் பள்ளியைப் பார்க்க வந்த இன்ஸ்பெக்டர், வியாகுலமேரியின் வகுப்பில் வெகுநேரம் நின்றார். பிறகு சாமியாரிடம், "வேறு ஆள் எதுக்கு? இந்த அம்மாவே நடத்தலாமே" என்றார். அவள் காதில் விழும்படிதான் சொன்னார். வீட்டில் அவள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

(இங்கே தயங்கினேன். அவளுக்கு அந்த ஆசையைக் கொடுப்பதா? கொடுக்காவிட்டால் நல்ல மனைவியாக மட்டும் நின்றுவிடுவாள். கொடுத்தேன். அதன்பின் இன்னாசி நடத்தும் பெரிய வகுப்பின் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவள் நடை கொஞ்சம் மெதுவாயிற்று.)

3

வீட்டில் கடிகாரம் கிடையாது. வியாகுலமேரி சாமியார் பங்களாவில் கடிகாரத்தின் அடியில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, முக்கால் மணியில் எவ்வளவு உருகுகிறது என்று பார்த்துக்கொண்டாள். அதே அளவுக்கு மற்ற மெழுகுவர்த்திகளில் ஊசியால் கோடு கிழித்தாள். பள்ளி விட்டதும் காற்றுப் படாத மூலையில் ஒன்றை ஏற்றிவைத்துத் தலைப்பைச் சொல்வாள்.

முதல் நாள் "காலத்தின் அருமை". சுடர் கோட்டுக்கு வந்தபோது தாளில் இருந்தது இவ்வளவுதான்: "கடல்சூழ்ந்த இப்பூவுலகின்கண் காலமென்னும் அரும்பொருளானது"

"கைய எடுங்க."

"இரு. இன்னொரு வரி."

"பரீட்சையில இருன்னா இருப்பாகளா? தாளப் பிடுங்கிட்டுப் போயிருவாக."

"ஆரம்பம் நல்லா இருக்கணும்ல?"

"நல்லாத்தான் இருக்கு. அதுக்கங்கிட்டு ஒண்ணுமே இல்லையே."

அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் தானாகவே வந்து உட்கார்ந்தான். "மேல நாலு வரி எடம் விட்டுட்டு நடுவுலருந்து எழுதுங்க. ஆரம்பத்தக் கடைசியில பாத்துக்கலாம்" என்றாள். கல்வி, சிக்கனம், மழை, சந்தை, அம்மை குத்துதல் என்று நாற்பது நாளில் இருபது தலைப்பு சொன்னாள். சில நாள் முடித்தான். பல நாள் மேலே விட்ட நாலு வரிக்கே திரும்பிப் போய்விட்டான்.

4

மதுரையில் பரீட்சை எழுதிவிட்டு மூன்றாம் நாள் வந்து இறங்கினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"என்ன தலைப்பு குடுத்தாக?"

"வண்டிமாடு."

"எழுதுனீகளா?"

"முடிச்சுட்டேன். மணியடிக்க முந்தியே."

இன்னாசியின் அப்பா கம்பத்திலிருந்து மதுரைக்கு ஏலக்காய் மூட்டை ஏற்றி வண்டி ஓட்டியவர். வாத்தியாரான பிறகு இன்னாசி அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வண்டிமாட்டுக்கு முன்னால் பூவுலகும் அரும்பொருளும் ஒட்டவில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் நுகத்தடி எப்படி அழுத்தும் என்பதையும், கால் ஒடிந்த காளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா மழையில் உட்கார்ந்திருந்ததையும் அப்படியே எழுதினான். முதல் வரி: "என் தகப்பனார் வண்டிக்காரர்."

சித்திரையில் முடிவு வந்தது. தேறியிருந்தான்.

(இங்கே முடித்திருந்தால் என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். மதிப்பெண்ணும் போடலாம்.)

5

தேர்ச்சிப் பத்திரத்தைக் கொடுக்க இன்ஸ்பெக்டரே வந்தார். "உம்ம பேப்பரப் பிரிக்கிறப்ப எனக்குச் சந்தேகம்தான்" என்றார் இன்னாசியிடம். "அந்தத் தலைப்பு நான் குடுத்ததுதான். தை மாசம் இங்க வந்தப்ப, என் வண்டிக்காளையத் தடவிக்கிட்டே, இதையே வியாசத்துக்குக் குடுக்கலாம்னு சொன்னேன். உம்ம சம்சாரம் பக்கத்துலதான் நின்னாங்க. தயார் பண்ணிட்டு வந்துட்டீரோன்னு நெனச்சேன். படிச்சப்பறம் இல்லைன்னு தெரிஞ்சுது."

(இதை நான் இரண்டாம் பகுதியிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவள் அவனிடம் சொல்லாததை நான் உங்களிடம் சொல்லவில்லை.)

இன்ஸ்பெக்டர் போனபின் இன்னாசி கேட்டான்:

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இருவது தலைப்பு சொன்ன. அத மட்டும் ஏன் சொல்லல?"

தெரிந்ததைச் சொல்வது களவு என்று அவள் நினைத்திருக்கலாம். சொல்லியிருந்தால் நாற்பது நாளும் அவன் அந்த மாட்டுக்கு ஒரு பூவுலகைத் தேடியிருப்பான் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கலாம். அல்லது, பெரிய வகுப்பு அவளுக்கு வேண்டியிருந்தது. மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் மற்ற இரண்டும் அதற்குள் வந்து நின்றன.

வியாகுலமேரி அவன் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள்:

"                                        "

இன்னாசி எழுந்து போகவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பத்திரத்தை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பிறகு சொன்னான்:

"திங்கக்கிழமையிலருந்து பெரிய வகுப்ப நீ எடு. சின்னப் பிள்ளைகள நான் பாத்துக்கிறேன்."

எந்தப் பதிலைக் கேட்டால் ஒரு மனிதன் இப்படிச் சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால், நான் விட்ட இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.