அளவுக் கடதாசி

மருந்து கலக்கிறவர் போத்தலை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தார். முகத்தைச் சுளித்து, அதைக் கொண்டுவந்த யோசப்பின் என்பவளின் பக்கமே தள்ளிவிட்டார். சாம்பல் போட்டு மூன்று தரம் கழுவியும் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. போகாது என்று அவளுக்கும் தெரியும். ஒரு வருசமாகத் திரி போட்டு விளக்கெரித்த போத்தல் அது. அவர்களிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். இடுப்பில் இருந்த ஜெனிற்றா இருமி இருமிக் களைத்து, தாயின் தோளில் தலையைச் சாய்த்திருந்தாள்.

அவர்களுடைய கடற்கரை ஊரான குருநகரில் ஷெல் விழத் தொடங்கியபோது சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஒருத்தி மாதாவின் படத்தை எடுத்தாள், இன்னொருத்தி அரைவாசி வெந்த சோற்றுப் பானையை எடுத்தாள். வெறும் போத்தலை யார் தூக்குவார்? ஆனால் மருந்தகத்தில் மிக்சர் என்கிற தண்ணி மருந்து வேண்டுமானால் நோயாளிதான் போத்தல் கொண்டுபோக வேண்டும். வீடு இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே சட்டம். வீடு இருக்கிறவன் அடுப்படித் தட்டுக்குக் கையை நீட்டினால் போத்தல் வரும். ஓடிவந்து சண்டிலிப்பாய்ப் பள்ளிக்கூடத்தில், வகுப்பறைக்கு நாலு குடும்பமாகப் படுத்துக் கிடந்தவர்கள் எதை நோக்கிக் கையை நீட்டுவது?

மருந்தக வாசலில் மருத்துவிச்சி செல்வநாயகி அவளை மறித்தாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உவளைத் தூக்கிக்கொண்டு உவ்வளவு தூரம் நடவாதேங்கோ. வியாழக்கிழமை டொக்டரைப் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் எல்லாருக்கும் போத்தல் சேர்த்து வையுங்கோ."

அந்தச் சொல்லை யோசப்பின் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் காலையிலேயே ஓலைக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். மீன் விற்றுப் பழகிய வாய், வேலிப் படலைக்குப் படலை தன்பாட்டில் கூவியது. கடலுக்குப் போகத் தடை வந்து எத்தனையோ மாதம்; மீன் வந்துவிட்டதாக்கும் என்று பெண்கள் சட்டியோடு ஓடி வந்தார்கள். கடகத்துக்குள் வெறும் போத்தலைக் கண்டதும் சிலர் சிரித்தார்கள், சிலர் ஏசினார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவர்களே உள்ளே போய் அரிஷ்டப் போத்தல், நல்லெண்ணெய்ப் போத்தல் என்று தேடி எடுத்து வந்தார்கள்.

புகையிலைத் தோட்டக்காரி பராசக்தி கிறைப் வாட்டர் போத்தல் ஒன்று கொண்டுவந்தாள். அவளுடைய தோட்டத்தில்தான் யோசப்பினின் புருசன் வின்சன்ற் கூலிக்குக் கொத்துகிறான். யோசப்பின் கையை நீட்டினாள். பராசக்தி போத்தலைப் படலையடியில் நிலத்தில் வைத்தாள்.

"திருப்பித் தரவேண்டாம்."

தாராள மனமா, தங்களைப் போன்ற மீன்காரரின் வாய் பட்டது இனி வீட்டுக்குள் வரக்கூடாது என்ற எண்ணமா? இரண்டும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு யோசப்பின் குனிந்து எடுத்தாள். அதுதான் கிடைத்ததிலேயே வடிவான போத்தல். அதை ஜெனிற்றாவுக்கென்று ஒதுக்கி வைத்தாள்.

வின்சன்ற் அளவுக் கடதாசி வெட்டினான். மருந்துப் போத்தலின் பக்கத்தில் ஒரு வேளைக்கு ஒரு வெட்டாக ஒட்டுவார்களே, அந்தக் கடதாசிதான். வலைக்கண் பிடித்த கை. கொப்பித்தாளை மடித்து வெட்டினால் ஒரு வெட்டுக்கும் மற்ற வெட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இராது. சோற்றுப் பசையால் ஒவ்வொரு போத்தலிலும் ஒட்டினான். பள்ளிக்கூடத்து அரைச்சுவரில் வரிசையாகக் காய்ந்த போத்தல்களைப் பார்க்கையில் எல்லாருக்கும் பாதி வருத்தம் மாறியதுபோல இருந்தது.

புதன்கிழமை ஜெனிற்றாவின் நெஞ்சு மூச்சுக்கு மூச்சு உள்ளே குழிந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டுபோவோம் என்றான் வின்சன்ற். யோசப்பின் மறுத்தாள்.

"நாளைக்கு டொக்டர் வாறார். ஊரைக் கூட்டிப்போட்டு நாங்கள் எழும்பிப் போறதோ?"

டொக்டர் சைக்கிளில் வந்தார். இளம் பொடியன், சேட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது. அரைச்சுவரில் நின்ற போத்தல்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார். மிக்சர் கலக்கச் சாமான் வரவில்லையாம். அரசாங்கம் கப்பலில் ஏற்றவே விடவில்லையாம். நேற்றுப் பின்னேரம்தான் தனக்கே தெரியும் என்று செல்வநாயகி அழுவாரைப்போலச் சொன்னாள். இருந்த குளிசைகளைப் பாதியாக முறித்து, தாளில் சுற்றிச் சுற்றிக் கொடுத்தார்கள்.

ஜெனிற்றாவின் நெஞ்சில் வைத்த குழாயை டொக்டர் கனநேரம் எடுக்கவில்லை.

"இதுக்கு மிக்சர் சரிவராது அம்மா. ஊசி போடவேணும், அது என்னட்டை இல்லை. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

மிக்சர் சரிவராதாம். அப்படியானால் எதற்காக இந்த ஊரெல்லாம் படலை தட்டினேன் என்று நினைத்தபடி யோசப்பின் பிள்ளையை வாரித் தூக்கினாள்.

இரவல் சைக்கிளில் வின்சன்ற் மிதித்தான். பின்னால் யோசப்பின் பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு இருந்தாள். மானிப்பாய் வர இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கும்போது, கையில் தட்டுப்பட்டுக்கொண்டிருந்த மூச்சிழுப்பு நின்றது. அவள் அவனிடம் சொல்லவில்லை. அவன் முதுகு வியர்த்து வழிய மிதித்துக்கொண்டே இருந்தான். சொன்னால் நிறுத்திவிடுவான். நிறுத்தினால் அது உண்மையாகிவிடும். மானிப்பாய்ச் சந்தியில்தான் அவன் திரும்பிப் பார்த்தான்.

பக்கத்து மாதா கோயில் சேமக்காலையில் பிள்ளையைப் புதைக்க ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள். மெழுகுதிரிக்கும் வழியில்லை. பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஆளுக்கொரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் செருகிக் கொண்டுவந்து மண்ணைச் சுற்றி வைத்தார்கள். பராசக்தி தெருவில் நின்றபடி ஒரு பொட்டலம் மல்லிகையை யாரிடமோ கொடுத்தனுப்பினாள். அதைக் கிறைப் வாட்டர் போத்தலில் வைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து யோசப்பின் தனியே போனாள். மல்லிகை கருகியிருந்தது. போத்தலில் தண்ணீர் கடதாசியில் ஒரு வெட்டு, ஒரு வேளை அளவு இறங்கியிருந்தது.