பாசிட்டிவ்

மாஜிதா வழக்கமாக ரிப்போர்ட்டை ஜன்னல் வழியாகவே நீட்டிவிடுவாள். அன்று லேபின் கதவைத் திறந்து வெளியே வந்து, ஜெயசித்ராவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, வேற ஏதும் மாத்திர போட்டியளா?"

"சளிக்குப் போட்டேன், நாலு நாளா. ஏன்?"

மாஜிதா தாளைக் காட்டினாள். ஐந்து வரிகளில் நான்கு நெகட்டிவ். ஒன்று பாசிட்டிவ். ஏதோ போதை மருந்து உடம்பில் இருப்பதாக அந்த வரி சொன்னது.

குற்றாலத்தில் சாரல் பிடித்து மூன்று வாரம். லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, சொட்டச் சொட்ட வருகிறவர்களுக்கு அறை கொடுப்பவளுக்குச் சளி பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

கவனம் ஒன்றில் நிற்காத தன்மைக்கு மருத்துவம் உண்டு என்பதே முப்பத்திரண்டு வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது. அதுவரை வீட்டில் அதற்கு மறதி என்றும் திமிர் என்றும் பெயர். இரண்டு வேலைகள் போயின. மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர மறந்து, இருட்டிய பிறகு வாட்ச்மேன் போன் செய்த அன்றுதான் டாக்டரைத் தேடினாள். மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில், அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டி, பூட்டியது நினைவிலும் இருக்க பஸ் ஏறியபோது அழுகை வந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் இவ்வளவு லேசாகவா வாழ்கிறார்கள்?

டாக்டர் மதுரையிலிருந்து மாதம் ஒரு சனிக்கிழமை தென்காசிக்கு வருவார். மருந்தை வாங்கித் தவறாக விற்கிறவர்கள் இருப்பதால், ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப் பரிசோதனை முடிந்தால்தான் சீட்டு. அதற்கு ஆயிரத்து அறுநூறு. மாத்திரையின் விலை அதில் பாதிகூட இல்லை. சீசன் நேரத்து லீவு என்று ஒருநாள் சம்பளமும் போகும். "மூத்திரத்தப் பாக்கவா ஆயிரத்தி அறுநூறு? கவனமா இருக்கதுக்கு மாத்திர வேணுமாட்டி ஒனக்கு?" என்று கணவன் மாரிராஜ் ஒருமுறை கேட்டான். அதற்குப் பிறகு அவள் அவனிடம் கேட்பதில்லை.

டாக்டர் தாளைப் பார்த்தார். "சளி மாத்திரையாலயும் இப்படிக் காட்டும்மா. நான் உங்கள நம்புறேன்."

"நம்புதியள்லா சார், பெறவு எழுதித் தாங்களேன். நாளையோட மாத்திர முடியுது."

"முடியாதும்மா. சென்னைக்கு அனுப்பி உறுதி பண்ணணும். ஆறு நாள்ல ரிசல்ட் வந்ததும் சீட்டக் கூரியர்ல அனுப்பிடறேன். இன்னிக்குப் புது சாம்பிள் குடுக்கலன்னா அடுத்த மாசம்தான்."

அதற்கு நாலாயிரத்து எண்ணூறு. ஆறு நாள் என்றால் உள்ளங்கையில் எழுதி வைத்தாவது ஓட்டிவிடலாம். ஒரு மாதம் என்றால், மகள் மறுபடியும் பள்ளிக்கூட கேட்டில் நிற்பாள்.

படியிறங்கி வந்து, லாட்ஜ் முதலாளி வீரபாகு அண்ணாச்சிக்குப் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, அஞ்சாயிரம் அட்வான்ஸ் வேணும். ஒரு டெஸ்ட் எடுக்கணும்."

"என்ன டெஸ்ட்டும்மா?"

"சும்மா... உடம்புக்குத்தான்."

"சரி, பில்ல போட்டோ எடுத்து அனுப்பு. கணக்கப்பிள்ளை கேப்பாம்லா."

லேபில் கொடுத்த பில்லின் தலைப்பில் கொட்டை எழுத்தில் 'போதைப்பொருள் உறுதிப் பரிசோதனை' என்று இருந்தது. கட்டைவிரலால் அதை மறைத்து ஒரு படம் எடுத்தாள். மறைத்தது இன்னும் மோசமாகத் தெரிந்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடி எடுத்து அனுப்பினாள். இரண்டு டிக்கும் நீலமாயின. சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் நகர்ந்தது.

பணம் வந்தது. அடுத்து ஒரு வரி: 'கல்லாச் சாவிய சாயங்காலம் கொண்டாந்து குடுத்துரும்மா.'

'அண்ணாச்சி, நீங்க நெனைக்க மாதிரி இல்ல' என்று தட்டினாள். அழித்தாள். வியாதியின் பெயரைத் தட்டினாள். அதையும் அழித்தாள். வேலையைக் காப்பாற்றத்தானே இந்த மாத்திரை? பணத்தைக் கட்டி ரசீதை வாங்கினாள்.

மாஜிதா புது டப்பாவை நீட்டினாள். "ரெண்டு மணிக்குக் கூரியர்க்காரன் வந்துருவான்க்கா."

காலையில் ஒருமுறை கொடுத்தாயிற்று. இப்போது ஒரு சொட்டும் வரவில்லை. ஃபில்டர் தண்ணீரை டம்ளர் டம்ளராகக் குடித்தாள். வயிறு உப்பிக் குமட்டியது. மறுபடி உள்ளே போனாள். கதவை முழுதாகச் சாத்தக் கூடாது என்பது விதி. இடுக்கு வழியாக, முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கும் மாஜிதாவின் துப்பட்டா தெரிந்தது.

"பதறாதிய அக்கா."

தண்ணீர்ச் சத்தம் கேட்டாவது வரட்டும் என்று ஜெயசித்ரா குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டே இருந்தது. டப்பாவைப் பிடித்தபடி, அந்தச் சத்தத்தில் கண்ணை மூடிக் குந்தியிருந்தாள்.