மூன்றரை லிட்டர் வெற்றிடம்

காரின் பழைய ஆயிலை வெளியே எடுத்தால் எஞ்சினுக்குள் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. வெற்றிடம் என்று ஒன்று உண்டானால் அதை முறைப்படி அறிவித்து, விண்ணப்பம் வாங்கி, நேர்முகம் நடத்தித்தான் நிரப்ப வேண்டும். கோவையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் அவர்களே ஓர் ஆளைப் பார்த்துப் போட்டுவிடுவார்கள். யாரைப் போட்டார்கள் என்று நாமும் கேட்பதில்லை.

நான் கேட்கிற ரகம். பம்ப் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக அளவு சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறேன். போன முறை ஒர்க்‌ஷாப்பில் போட்டுக் கொடுத்த ஆள் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் முனகினார். அதனால் இந்த முறை வீட்டிலேயே மாற்றிவிடுவது என்று, கையால் அடிக்கிற வேக்குவம் பம்ப் ஒன்றை வாங்கினேன்.

வேலை எளிது. காருக்கு அடியில் போய்ப் படுக்க வேண்டியதில்லை. எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆயிலை இளக வைக்க வேண்டும். அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு, அந்தத் துளை வழியாக மெல்லிய குழாயை அடி தட்டும்வரை இறக்க வேண்டும். கைப்பிடியை இருபது முறை அடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஆயில் தானாக ஏறி வந்து பம்ப்பின் டப்பாவில் விழும். மூன்றரை லிட்டர் வந்தது. பழைய ஆளுக்கு எழுபது வயதிருக்கும். டப்பாவிலிருந்து இறங்கி, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "காந்திபுரம் பஸ் எங்க நிக்குமுங்க?" என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார்.

பில்டரை மாற்றிவிட்டு, தெரு முனையில் இருக்கும் குடியிருப்போர் சங்கப் பலகையில் அறிவிப்பு ஒட்டினேன். வெற்றிடம், மூன்றரை லிட்டர். நியமனக் காலம், பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. உராய்வைக் குறைத்த அனுபவம் அவசியம்.

மூன்று விண்ணப்பங்கள் வந்தன. ஒருவர் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். இன்னொருவர் கல்யாணத் தரகர் மருதாசலம். மூன்றாவது என் மனைவி சாந்தாமணி.

எங்கள் வீட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கீழே நானும் அவளும். மாடியில் என் தம்பி திருமூர்த்தி, தனி ஆள். நானும் தம்பியும் நேராகப் பேசிப் பதினொரு வருடமாகிறது. காரணம் நினைவில்லை, ஆனால் நியாயம் என் பக்கம். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் மாடியில் இருக்கிறது. "அந்த எருமையை மோட்டாரைப் போடச் சொல்லு" என்று நான் சொன்னால், சாந்தாமணி மாடியேறி, "தம்பி, அண்ணன் குளிக்கோணுமாமுங்க, சித்தெ மோட்டாரைப் போடறீங்களா?" என்பாள். அவன் அங்கே என்ன சொல்வானோ, கீழே வரும்போது அது "இதோ போடறேன்னாருங்க" என்று ஆகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்ட்டிகோவில் நேர்முகம் வைத்தேன். தலைமை எழுத்தர் குளிரில் தேறவில்லை. காலையில் பத்து மணிக்கு முன்னால் தன்னால் அசைய முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். மருதாசலம் நன்றாக வழுக்கினார், ஆனால் ரொம்ப நீர்த்தவர். அழுத்தம் வந்தால் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துவிட்டு நழுவிவிடுவார் என்று குறித்துக்கொண்டேன்.

சாந்தாமணி பட்டுப்புடவையில் வந்து எதிரே உட்கார்ந்தாள். அனுபவம் என்ற இடத்தில் "இருபத்தாறு வருடம், அண்ணன் தம்பிக்கு நடுவில்" என்று எழுதியிருந்தாள். வேண்டியவர் வேண்டாதவர் என்ற பேச்சு வரக்கூடாது என்பதால் அவளையும் மரியாதையாகவே கேட்டேன்.

"குளிரில் எப்படி இயங்குவீர்கள்?"

"உங்க பெரியப்பா ஊட்டுக் கண்ணாலத்துல நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தப்ப பாத்தீங்கல்ல."

"சூட்டில்?"

"தெனமும் பாக்கறீங்க."

"இந்த இடத்துக்கு ஏன் வர விரும்புகிறீர்கள்?"

அவள் காரைப் பார்த்தாள். "வாங்கி ஆறு வருசமாச்சு. நான் மூணு தடவை ஏறியிருக்கறனுங்க. உள்ளுக்குள்ள இருந்தாலாச்சும் எங்கயாச்சும் போகலாமில்லீங்க."

சொந்தக்காரி என்பதற்காக எட்டு மதிப்பெண் குறைத்தேன். அப்படியும் அவள்தான் முதலாவது. மருதாசலத்தைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தேன். சாந்தாமணி நியமன உத்தரவில் கையெழுத்துப் போட்டாள். மிளகாய்த்தூள் எந்த டப்பா, மல்லித்தூள் எந்த டப்பா என்று காட்டினாள். நான் எஞ்சினின் மேல்மூடியைத் திருகித் திறந்து புனலை வைத்தேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு அவள் இறங்கினாள். ஆயில் மெதுவாகத்தான் இறங்கும், நாம் அவசரப்படக் கூடாது. கடைசியாக வளையல் கை புனலைத் தாண்டியதும் மூடியைத் திருகினேன். பத்து நிமிடம் கழித்துக் கம்பியை உருவிப் பார்த்தேன். மேல்கோட்டில் அவள் சரியாக நின்றாள், தேன் நிறத்தில். அந்தக் கம்பியைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் கார் அத்தனை அமைதியாக ஓடியது. கம்பெனி வாசலில் காவல்காரர், வண்டி வந்ததே தெரியவில்லை என்றார்.

வீட்டில் அப்படியில்லை. நானும் திருமூர்த்தியும் இப்போது நேராகப் பேச வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் படிக்கட்டில் இரும்புத்தூள் கிடந்தது. காந்தத்தால் ஒற்றியெடுத்து நிறுத்துப் பார்த்தேன், நாலு கிராம். ஐந்தாம் நாள் மோட்டார் பேச்சின்போது பொறி பறந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் லுங்கியில் ஓட்டை விழுந்தது. ஏழாம் நாள் மாடிக் கதவு இறுகிப்போய், அவனால் வெளியே வர முடியவில்லை. ஜன்னல் வழியாகத்தான் கேட்டான்.

"அண்ணி எப்ப வருவாங்க?"

"ஒரு வருசம் ஆகும். இல்லீன்னா பத்தாயிரம் கிலோமீட்டர்."

"அதுக்கு முன்னால எடுக்க முடியாதா?"

"கையெழுத்துப் போட்டிருக்கறா."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அப்பறம் கம்பெனிக்குப் போயிட்டு வந்துட்டிருந்தா பத்தாயிரம் எப்ப ஆகறது? லீவு போட்டுட்டு ஓட்டுங்க."

பதினொரு வருடத்தில் அவன் சொன்ன முதல் உருப்படியான வார்த்தை. அதைச் சொன்னதும் மாடிக் கதவு ஓர் அங்குலம் விட்டுக்கொடுத்தது. நான் நாற்பத்தைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கே போவது என்று முதலில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த பாதை கம்பெனிக்குப் போவது ஒன்றுதான். பல்லடம் தாண்டியதும், உள்ளே இருப்பவளுக்கு வெளியே ஒன்றும் தெரியாதே என்று தோன்றியது. அதனால் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். "இடது பக்கம் காற்றாலை. நூற்றுப் பதினாலு. ஒன்று மட்டும் சுற்றவில்லை." தனுஷ்கோடியில் கடல் இரண்டு பக்கமும் வருகிற இடத்தில் காரை நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்தேன். அங்கே வந்திருந்த குடும்பம் ஒன்று அவர்கள் காரின் பானட்டையும் திறந்துவிட்டு, எங்களோடு சற்று நேரம் நின்றது. ஒகேனக்கல்லில் சாரல் விழும் தூரம்வரை ஓட்டிப் போனேன். இருபத்தாறு வருடத்தில் அவளிடம் பேசியதைவிட முதல் இருபத்தாறு நாளிலேயே அதிகம் பேசியிருப்பேன். பதில் வராது. எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது என்று சொன்னால் பொய்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கம்பியை உருவிப் பார்த்தேன். தேன் நிறம் கருப்பட்டி நிறமாகி, பிறகு கருப்பாகிவிட்டது. உழைக்கிறவள் கறுக்கத்தான் செய்வாள். துடைத்த துணிகளைத் துவைக்காமல் மடித்துப் பின் சீட்டில் வைத்துக்கொண்டேன்.

ஆறாயிரத்து இருநூறில் வால்பாறை. மேடேறினால் ஆயில் எரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் வருடத்துக்கு ஒருமுறை, யாரோ போய்வந்த போட்டோவைக் காட்டி, "வால்பாறைங்கறாங்களே, அது எந்தப் பக்கமுங்க?" என்று கேட்பாள். நான் பொள்ளாச்சிப் பக்கம் என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் படிப்பேன். ஆகையால் ஏறினேன்.

இருபத்து மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பின்னால் நீலப் புகை வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும், மேலிருந்து இறங்கிய தேயிலை லாரியும் முட்டிக்கொள்கிற மாதிரி நின்று, நீ பின்னால போ, நீ போ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். புகை அவர்கள்மேல் படிந்தது. பஸ் டிரைவர் "போனாப் போகுது விடுங்க" என்றார். லாரிக்காரர், "பரவால்லீங்க, நீங்க முன்னால போங்க" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். அடுத்த வளைவிலும் அதே போலத்தான் நடந்தது. மலை முழுவதும் ஆட்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு நகராமல் நின்றார்கள். அத்தனையும் என் வீட்டில் செலவாகியிருக்க வேண்டியது.

மேலே போய், தேயிலைத் தோட்டம் பச்சையாக இருக்கிறது என்று சொன்னேன். வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கம்பியைப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றாள்.

கீழ்க்கோட்டைத் தாண்டிவிட்டால் எஞ்சின் இறுகிவிடும். அவளும் உள்ளேயே இறுகிவிடுவாள். பிறகு எந்தப் பம்ப்பாலும் எடுக்க முடியாது. இன்னும் மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் இருந்தது. தரகர் மருதாசலம் எப்படியோ கேள்விப்பட்டு போன் செய்தார். "கொறையறத நான் வந்து நெரப்பிக்கறனுங்க. கொஞ்சமாத்தான் கலந்துக்குவேன், ஒண்ணும் தெரியாது" என்றார். என் மனைவியோடு ஒரு தரகரைக் கலக்க எனக்குச் சம்மதமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மிச்ச தூரத்தைச் சமவெளியில் நாற்பது வேகத்தில் ஓட்டினேன். மேம்பாலம் வந்தால் சுற்றிக்கொண்டு போனேன். ஏசி போடவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை. முந்துகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டேன். யாராவது திட்டினால் "சரிங்க" என்றேன். எனக்கு அது பழக்கமில்லை, முதலில் நாக்கு ஒத்துழைக்கவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே போனால் உள்ளே அவளுக்கு வேலை குறையும் என்று கணக்குப் போட்டேன். சரிதான், கடைசி இரண்டாயிரத்தில் அளவு இறங்கவேயில்லை.

பத்தாயிரமாவது கிலோமீட்டர் எங்கள் தெருவிலேயே புரண்டது. காலை ஒன்பது மணி. எஞ்சின் சூடாகவே இருந்தது. குழாயை இறக்கி, இருபது முறை அடித்தேன். கருப்பாக ஏறி வந்தாள். டப்பாவின் கோடுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு லிட்டர். இரண்டு. இரண்டு எழுநூறு. அத்தோடு குழாயில் காற்று சப்தம் கேட்டது. மறுபடியும் இருபது முறை அடித்தேன். முன்பக்கச் சக்கரத்தைச் செங்கல் மேல் ஏற்றி அடித்தேன். எண்ணூறு மில்லி குறைந்தது குறைந்ததுதான்.

சாந்தாமணி டப்பாவிலிருந்து இறங்கினாள். நேரே உள்ளே போய் மூன்று தண்ணீர் சீயக்காய் போட்டுக் குளித்தாள். மூன்றாவதில்தான் தண்ணீர் தெளிந்து வந்தது. காரில் மறுபடி வெற்றிடம் உண்டாகியிருந்ததால், பட்டியலில் இருந்த மருதாசலத்தை வரச்சொல்லி ஊற்றிவிட்டேன். அன்றிலிருந்து கார் கல்யாண மண்டபம் எதிர்ப்பட்டால் கொஞ்சம் நின்றுதான் போகிறது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளை எனக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "தொட்டியில தண்ணி தீந்திருக்கும். அந்த எருமைய மோட்டாரைப் போடச் சொல்லு."

மாடியேறினாள். அவள் குரல் தெளிவாகக் கேட்டது. "உங்கண்ணன் உங்கள எருமைன்னு சொல்லி, மோட்டாரைப் போடச் சொன்னாருங்க." கீழே வந்தாள். "உங்களக் கழுதைங்கறாரு. போட முடியாதாம்" என்று அப்படியே கொடுத்தாள்.

எந்த எண்ணூறு மில்லி வால்பாறையில் போயிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

"அப்படியா சொல்றது?" என்றேன்.

"பின்ன எப்படிச் சொல்றது? நீங்க சொன்னதத்தான சொன்னேன். உக்காருங்க. எனக்கும் சொல்றதுக்கு இருக்குது" என்றாள்.

சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் கல்யாணமான வருடத்திலிருந்து தொடங்கினாள். என் பெரியப்பா வீட்டுக் கல்யாணத்தில் நான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தது தப்பு என்றாள். நான் தப்பில்லை என்றேன். சொல் சொல்லோடு உரசியது. கரகரவென்று நன்றாகவே கேட்டது. மேஜையின் நடுவில் பூப்போட்ட விரிப்பு சூட்டில் பழுப்பேறத் தொடங்கியதும், அவள் அதை எடுத்து மடித்துவிட்டு, அந்த இடத்தில் பால் பாத்திரத்தை வைத்தாள்.

"நிறுத்தாதீங்க, சொல்லுங்க" என்றாள்.

என் பக்கமும் இருந்ததைச் சொன்னேன். அவள் முதன்முதலில் வால்பாறை கேட்ட வருடத்துக்கு வந்தோம். பால் பொங்கியது. அவள் டிகாஷனை ஊற்றி ஆற்றி, டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். ஒரு வாய் குடித்தேன். நாற்பத்தைந்து நாளாக இந்தக் காபிக்காகத்தான் ஓட்டியிருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, சர்க்கரை கம்மி என்றேன்.

"கம்மியாத்தான் போட்டேன்" என்றாள்.

டம்ளரில் காபி மறுபடியும் கொதிக்க ஆரம்பித்தது.